வைஃபை சேர்கிறது, ஐபி மட்டும் 169.254 என்று வருகிறது: லேப்டாப் கோளாறா, ரவுட்டர் கோளாறா?

மஞ்சக்குட்டை | 11-05-2024, இரவு 9.50

ஏற்காட்டில் ஹோம்ஸ்டே, ஆறு அறை. ஃபைபர் லைன். லைன் போட்டவங்க வைத்துவிட்டுப் போன ரவுட்டர் பெட்டியிலிருந்தேதான் வைஃபை. ஆபீஸ் லேப்டாப் விண்டோஸ் 10. வைஃபையில் சேர்கிறது, சிக்னல் முழுசாக இருக்கிறது, ஆனால் நெட் இல்லை. ஐபி 169.254.88.17 என்று காட்டுகிறது. என் போன் அதே வைஃபையில் நன்றாக ஓடுகிறது. ரவுட்டரை அணைத்துப் போட்டால் லேப்டாப்பும் சரியாகிவிடும். இரண்டு நாள் கழித்து மறுபடியும் இதே கதை.

பார்க்க வந்தவர் வைஃபை கார்டு போய்விட்டது, 1,800 ரூபாய் ஆகும் என்கிறார். மலையில் பனிமூட்டம் இறங்கினால் இப்படித்தான் என்றும் சொன்னார். கார்டை மாற்றிவிடலாமா?

ஐந்து ரோடு | 11-05-2024, இரவு 10.25

மாற்றாதீங்க. கார்டு போயிருந்தால் வைஃபை பெயரே பட்டியலில் வராது, இல்லையென்றால் சேரும்போதே அறுந்து அறுந்து போகும். உங்களுக்குச் சேர்கிறது, பாஸ்வேர்டும் ஒத்துப்போகிறது. அதற்கு அடுத்த படியில் நிற்கிறது.

169.254 என்று தொடங்கும் எண் ரவுட்டர் கொடுத்தது அல்ல. லேப்டாப் முகவரி கேட்டுப் பார்த்து, யாரும் பதில் சொல்லாததால் தானே போட்டுக்கொண்டது. ரவுட்டரிடம் இப்படி முகவரி கேட்டு வாங்கும் முறைக்கு டிஎச்சிபி என்று பெயர். நடக்க வேண்டியது நாலு படி. லேப்டாப் 'யாராவது முகவரி தருவீர்களா' என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கூவும், அது டிஸ்கவர். ரவுட்டர் 'இந்தா, இது காலியாக இருக்கிறது' என்று ஒன்றை நீட்டும், அது ஆஃபர். லேப்டாப் 'அதையே எடுத்துக்கொள்கிறேன்' என்னும், ரிக்வெஸ்ட். ரவுட்டர் கணக்கில் எழுதிக்கொண்டு 'சரி' என்னும், ஆக். கேட்பது யூடிபி போர்ட் (செய்தி போய்வரும் வாசல் எண்) 68-லிருந்து 67-க்கு, பதில் 67-லிருந்து 68-க்கு. விண்டோஸ் சில தடவை கேட்டுப் பார்த்து, ஒரு நிமிஷத்துக்குள் 169.254-ஐப் போட்டுக்கொள்ளும். அதன்பிறகும் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கேட்டுக்கொண்டேதான் இருக்கும். அதனால்தான் சில நேரம் ஒன்றும் செய்யாமலேயே நெட் திரும்பி வருகிறது.

போன் ஓடுவதால் ரவுட்டர் சரியாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்வோம். விண்டோஸ் பக்கம் பாருங்க. கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, ஐபிகான்ஃபிக் என்று ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக அடித்து, இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு ரிலீஸ். முடிந்ததும் அதே மாதிரி சாய்கோடு ரென்யூ. என்ன செய்தி வருகிறது என்று அப்படியே எழுதுங்க.

ஐந்து ரோடு | 11-05-2024, இரவு 10.40

பாஸ்வேர்டு பற்றி ஒரு திருத்தம். வைஃபை பூட்டு டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 என்றால் தப்பான பாஸ்வேர்டோடு உள்ளேயே நுழைய முடியாது. மேலே சொன்னது சரி. பழைய டபிள்யூஇபி பூட்டு என்றால் தப்பான சாவியோடும் 'சேர்ந்துவிட்டேன்' என்று காட்டும். பேச்சு ரவுட்டருக்குப் புரியாமல் 169.254-ல் நிற்கும். உங்கள் பெட்டியில் அது இருக்காது. பழைய ரவுட்டர் வைத்திருப்பவர்கள் இதையும் பார்த்துவிடுங்க.

மஞ்சக்குட்டை | 12-05-2024, காலை 7.15

ரென்யூ கொடுத்தால் ஒரு நிமிஷம் அப்படியே நிற்கிறது. பிறகு டிஎச்சிபி சர்வரைத் தொடர்புகொள்ள முடியவில்லை, நேரம் கடந்துவிட்டது என்கிற பொருளில் ஒரு வரி. மூன்று தடவை செய்தேன், மூன்றும் அதேதான்.

ஐந்து ரோடு | 12-05-2024, காலை 8.05

ராத்திரி எழுதியதில் 'போன் ஓடுவதால் ரவுட்டர் சரி' என்ற வரி தப்பு. அதை நம்பி விண்டோஸைக் குடைய வேண்டாம். நீங்கள் முதலிலேயே சொல்லிவிட்டீர்கள், ரவுட்டரை அணைத்துப் போட்டால் சரியாகிறது என்று. லேப்டாப்பை ஒரு கையும் தொடாமல் சரியாகிறது என்றால் கோளாறு அங்கே இருக்க வாய்ப்பு குறைவு. போன் ஓடுவதற்கு வேறு காரணம் இருக்கலாம்: அது ஏற்கெனவே வாங்கிய முகவரியைக் கையில் வைத்திருக்கிறது. டிஎச்சிபி முகவரியைச் சொந்தமாகத் தருவதில்லை, வாடகைக்குத்தான் தருகிறது. அந்தக் காலக்கெடுவுக்கு லீஸ் என்று பெயர். லீஸ் பாதி முடிந்ததும் போன் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும். ஆக, பழைய வாடகைதாரர் நன்றாக இருப்பார், புதிதாக வருகிறவருக்குத்தான் வீடு கிடைக்காது.

இதைப் பிரித்துப் பார்க்க இரண்டு சோதனை.

ஒன்று, லேப்டாப்பை போனோடு யூஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங் (போனின் நெட்டை லேப்டாப்புக்குத் தருவது) போடுங்க. 169.254 இல்லாமல் ஒழுங்கான முகவரி வந்தால் விண்டோஸின் டிஎச்சிபி வேலை செய்கிறது என்று அர்த்தம். அந்தக் கேட்கும் வேலையைச் செய்வது எல்லா இணைப்புக்கும் ஒரே சர்வீஸ்தான்.

இரண்டு, கையால் முகவரி போடுங்க. வைஃபை இணைப்பின் ப்ராப்பர்ட்டீஸில் ஐபி வெர்ஷன் 4-ஐத் திறந்து, ஐபி 192.168.1.240, சப்நெட் மாஸ்க் 255.255.255.0, கேட்வே (ரவுட்டரின் முகவரி) 192.168.1.1, டிஎன்எஸ்ஸும் 192.168.1.1. உங்கள் பெட்டியின் முகவரி வேறு என்றால் போனில் வைஃபை விவரத்தில் கேட்வே என்ன என்று பார்த்து அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்க. பிறகு கமாண்ட் பிராம்ப்டில் கேட்வேக்கு பிங் (இருக்கிறாயா என்று தட்டிப் பார்க்கும் கட்டளை) கொடுங்க. பதில் வந்தால் காற்றுவழி, பூட்டு, கார்டு மூன்றும் சுத்தம்; முகவரி கொடுக்கும் இடத்தில் மட்டும் கோளாறு. பதில் வராவிட்டால் சிக்னலையும் ஃபயர்வாலையும் பார்க்க வேண்டும்.

சோதனை முடிந்ததும் மறக்காமல் 'தானாகப் பெறு' என்பதற்குத் திருப்பிவிடுங்க. கையால் போட்டதை அப்படியே விட்டால், அந்த லேப்டாப்பைச் சேலத்துக்கு எடுத்துவந்து வேறு வைஃபையில் போடும்போது அங்கே புதிதாக ஒரு தொல்லை கிளம்பும்.

நாகலூர் | 12-05-2024, காலை 9.30

பனிமூட்டத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட வேண்டாம். இங்கே மழை பெய்தால் தோட்டத்து வீட்டில் நெட் விழுகிறது, இது கண்ணால் பார்ப்பது.

ஐந்து ரோடு | 12-05-2024, காலை 10.10

நாகலூர் சொல்வது நடப்பதுதான். ஆனால் காரணம் மூட்டம் இல்லை. 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் அலைகளை மூட்டத்தில் இருக்கும் நீர்த்துளி பொருட்படுத்தும்படி தடுக்காது, அதுவும் வீட்டுக்குள் இருக்கும் தூரத்தில். தடுப்பது நனைந்த இலை. காப்பித் தோட்டத்தில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் வரிசையைத் தாண்டி ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்கு அலை போகிறது என்றால், காய்ந்த நாளில் தப்பித்து வருவது மழை நாளில் வராது. ஒவ்வொரு இலைமேலும் தண்ணீர்ப் படலம் நிற்கிறது இல்லையா. ஆன்டெனாவை மரத்துக்கு மேலே ஏற்றுவதோ, கேபிள் இழுப்பதோதான் வழி.

சிக்னல் குறைந்தால் 169.254 வருவதற்கும் காரணம் உண்டு. ரவுட்டர் ஒரு கருவிக்குத் தனியாக அனுப்பும் செய்தி கிடைக்காவிட்டால் திரும்ப அனுப்பும். எல்லாருக்கும் பொதுவாக அனுப்பும் செய்திக்கு ஒப்புகை கிடையாது, போனால் போனதுதான். ஆஃபர் பொதுச் செய்தியாக வருகிற இடத்தில் ஓரத்து அறையிலிருக்கும் லேப்டாப் அதைத் தவறவிடலாம். சோதிக்க வழி: லேப்டாப்பை ரவுட்டர் பக்கத்தில், இரண்டு மூன்று மீட்டரில் வைத்து ரென்யூ கொடுங்க. அங்கே முகவரி வந்து அறையில் வராவிட்டால் தூரம்தான் வில்லன். பழைய பங்களாவின் இரண்டடிக் கல்சுவர் 5 கிகாஹெர்ட்ஸை ஏறக்குறைய முழுசாக விழுங்கிவிடும், அங்கே 2.4-ல் சேர்வது நல்லது.

மஞ்சக்குட்டைக்கு இது பொருந்தாது. அவருக்கு சிக்னல் முழுசாக இருக்கிறது.

மஞ்சக்குட்டை | 12-05-2024, மதியம் 2.20

டெதரிங்கில் முகவரி வந்தது. கையால் 240 போட்டேன். பிங் நாலுக்கு நாலு, நெட்டும் ஓடுகிறது. கார்டு நன்றாக இருக்கிறது. ரொம்ப நன்றிண்ணா, 1,800 மிச்சம். தானாகப் பெறு என்று திருப்பினால் மறுபடியும் 169.254.

ஐந்து ரோடு | 12-05-2024, மதியம் 2.45

இனி பெட்டிக்குள் போகலாம். பிரவுசரில் 192.168.1.1 அடித்து நுழையுங்க, பெயரும் கடவுச்சொல்லும் பெட்டியின் அடியில் ஸ்டிக்கரில் இருக்கும். லேன் என்ற பகுதியில் டிஎச்சிபி சர்வர் என்று ஒரு பக்கம். மூன்று எண் வேண்டும்: தொடக்க முகவரி, முடிவு முகவரி, லீஸ் நேரம். பிறகு லீஸ் பட்டியலில் எத்தனை வரி இருக்கிறது, இப்போது இணைந்திருக்கும் கருவிகள் பட்டியலில் எத்தனை. இந்த இரண்டையும் ஒன்றென்று நினைத்துவிடாதீங்க.

மஞ்சக்குட்டை | 12-05-2024, மாலை 4.00

தொடக்கம் 192.168.1.100, முடிவு 192.168.1.149. லீஸ் 7 நாள். லீஸ் பட்டியலில் 50 வரி. இணைந்திருப்பது 19.

இப்போது ஞாபகம் வருகிறது, போன வாரம் இரண்டு விருந்தாளிகள் வைஃபை வரவில்லை என்றார்கள். அவர்கள் போனில் ஏதோ என்று விட்டுவிட்டேன்.

ஐந்து ரோடு | 12-05-2024, மாலை 4.30

கிடைத்துவிட்டது. 100 முதல் 149 வரை ஐம்பதே முகவரி, கொடுப்பதற்கென்று வைத்திருக்கும் இந்தத் தொகுப்புக்குப் பூல் என்று பெயர். ஐம்பதும் எழுதப்பட்டுவிட்டது, ஆனால் வீட்டில் இருப்பது பத்தொன்பது கருவி. மீதி முப்பத்தொன்று கொண்டை ஊசி வளைவு இருபதும் இறங்கி ஊர் போய்ச் சேர்ந்தவர்களுடையது. அவர்கள் போய்விட்டது ரவுட்டருக்குத் தெரியாது. போன் கிளம்பும்போது 'காலி செய்கிறேன்' என்று பெரும்பாலும் சொல்லிவிட்டுப் போவதில்லை. ஏழு நாள் முடியும்வரை அந்த வரி கணக்கில் உட்கார்ந்திருக்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்க. அறைக்கு மூன்று பேர், ஆறு அறை, பதினெட்டுப் பேர். ஆளுக்கு ஒரு போன், சிலரிடம் லேப்டாப், டேப்லெட்: ஒரு கூட்டத்துக்கு இருபத்தைந்து என்று வையுங்க. டிவி, கேமரா, உங்கள் ஆட்கள் போன் என்று நிரந்தரமாக ஒரு பதினைந்து. முதல் கூட்டத்தோடு நாற்பது. இரண்டாவது கூட்டம் பாதி வந்ததும் ஐம்பது தாண்டிவிடும். இரண்டு நாளில் திரும்ப வருகிறது என்றீர்களே, சரியாக அதுதான். அணைத்துப் போட்டால் சரியாவதும் இதனால்தான்: உங்கள் பெட்டி லீஸ் கணக்கைத் தற்காலிக நினைவில் வைத்திருக்கிறது, கரண்ட் போனால் அழிந்து எல்லாம் காலி என்று தொடங்குகிறது.

தொடக்கத்தை 192.168.1.20, முடிவை 192.168.1.250 ஆக்குங்க, 231 முகவரி கிடைக்கும். லீஸ் 4 மணி நேரம் போதும். 2 முதல் 19 வரை பிரின்டர், கேமரா ரெக்கார்டர் மாதிரி இடம் மாறாதவற்றுக்கு ஒதுக்கி வையுங்க. சேமித்தபிறகு பெட்டியை ஒரு தடவை மறுதொடக்கம் செய்ய வேண்டும். புதிய லீஸ் நேரம் ஏற்கெனவே எழுதிய வரிகளைச் சுருக்காது.

குகை | 13-05-2024, காலை 11.00

நம்ம கடையிலும் 169.254. குகையில் டிடிபி, ஜெராக்ஸ் கடை. நாலு கம்ப்யூட்டரில் ஒன்று மட்டும், யூஎஸ்பி வைஃபை குச்சி போட்டது. லீஸ் பட்டியலில் ஒன்பதே வரி. பூல் நிரம்பவில்லை. போனில் டெதரிங் போட்டாலும் இந்த சிஸ்டத்தில் 169.254 தான்.

ஐந்து ரோடு | 13-05-2024, மதியம் 12.20

குகையின் கதை நேர் எதிர். டெதரிங்கிலும் வரவில்லை என்றால் விண்டோஸ்தான். இந்த வரிசையில் போங்க.

சர்வீசஸ் பட்டியலில் டிஎச்சிபி கிளையன்ட் ஓடுகிறதா, ஸ்டார்ட்அப் ஆட்டோமேட்டிக்கா என்று பாருங்க. சிஸ்டத்தை வேகமாக்குகிறேன் என்று சிலர் தரும் மென்பொருள் இதை நிறுத்திவிட்டுப் போகும்.

ஓடுகிறது என்றால், அந்த சிஸ்டத்தில் எப்போதாவது ஆன்டிவைரஸோ விபிஎன்னோ போட்டு எடுத்தீர்களா? எடுத்தாலும் வடிகட்டி டிரைவர் உள்ளேயே தங்கிவிடுவது உண்டு. அது எல்லா இணைப்பின் மேலும் உட்கார்ந்துகொண்டு, 67, 68 வழியாக வரும் பதிலைக் கீழேயே நிறுத்திவிடும். இணைப்பின் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்தால் டிக் போட்ட ஒரு பட்டியல் வரும். அதில் ஆன்டிவைரஸ், விபிஎன் கம்பெனி பெயரில் வரி ஏதாவது இருந்தால் அதன் டிக்கை மட்டும் எடுத்துவிட்டு ரென்யூ கொடுங்க.

குகை | 13-05-2024, மாலை 6.40

இருந்தது. ஒரு வருஷம் முன்னால் சோதனைக்காலம் முடிந்து நீக்கிய ஆன்டிவைரஸ் பெயரில் 'ஃபில்டர்' என்று ஒரு வரி. டிக்கை எடுத்ததும் பத்து வினாடியில் 192.168.1.12 வந்துவிட்டது.

ஐந்து ரோடு | 13-05-2024, இரவு 8.00

டிக்கை எடுத்தது பாதி வேலை. யூஎஸ்பி குச்சியை வேறு துளையில் செருகினால் விண்டோஸ் அதைப் புது இணைப்பாக எடுத்துக்கொண்டு டிக்கோடு திரும்பக் கொண்டுவரலாம். அந்த ஆன்டிவைரஸ் கம்பெனியே தரும் நீக்கும் கருவியை இறக்கி ஓட்டுங்க. அது கிடைக்காவிட்டால் அதே வரியைத் தேர்ந்து அன்இன்ஸ்டால்.

நெட்எஸ்ஹெச் வின்சாக் ரீசெட், நெட்எஸ்ஹெச் இன்ட் ஐபி ரீசெட் என்ற இரண்டு கட்டளைகளை எல்லாரும் முதல் மருந்தாகச் சொல்வார்கள். நான் கடைசியில்தான் சொல்வேன். இரண்டாவது கட்டளை கையால் போட்டு வைத்த ஐபிகளையும் துடைத்துவிடும். கடை சிஸ்டத்தில் பிரின்டருக்காகவோ பில்லிங்குக்காகவோ போட்ட முகவரி இருந்தால் முதலில் காகிதத்தில் எழுதிக்கொண்டு பிறகு கை வையுங்க.

லினக்ஸ் தெரிந்தவர்களுக்கு இதைவிட விரைவான வழி: உபுன்டு லைவ் பென்டிரைவில் சிஸ்டத்தைத் தொடங்கி வைஃபையில் சேருங்க. அங்கே முகவரி வந்தால் குச்சி, ரவுட்டர் இரண்டும் நல்லது.

அஸ்தம்பட்டி | 14-05-2024, காலை 9.00

மாடிக்கு இரண்டாவது ரவுட்டர் போட்டதிலிருந்து சிலருக்கு 192.168.0.5 வருகிறது, சிலருக்கு 192.168.1.30. பிரின்டர் ஒருவருக்குத் தெரிகிறது, இன்னொருவருக்கு இல்லை. 169.254 இல்லை, ஆனாலும் இங்கேயே கேட்கிறேன்.

ஐந்து ரோடு | 14-05-2024, காலை 9.20

ஒரு வீட்டில் முகவரி கொடுக்க இரண்டு பேர் நிற்கிறார்கள். யார் முந்திப் பதில் சொல்கிறாரோ அவர் கொடுத்ததை கருவி எடுத்துக்கொள்ளும். மாடி ரவுட்டரில் லேன் முகவரியை 192.168.1.2 ஆக மாற்றுங்க, அதன் டிஎச்சிபியை அணையுங்க, கீழிருந்து வரும் கேபிளை அதன் வேன் துளையில் (வெளி லைனுக்கானது) செருகாமல் லேன் துளையில் (வீட்டுக் கருவிகளுக்கானது) செருகுங்க. கீழ்ப்பெட்டியின் பூலில் 2 இருக்கக்கூடாது. முதலில் முகவரியை மாற்றி, பிறகு டிஎச்சிபியை அணைப்பது வசதி. தலைகீழாகச் செய்தால் மாடி ரவுட்டருக்குள் நுழையவே கையால் ஐபி போட வேண்டியிருக்கும்.

மஞ்சக்குட்டை | 18-05-2024, இரவு 9.10

அண்ணா, திரும்ப வந்துவிட்டது. சனிக்கிழமைக் கூட்டம் வந்ததும் லேப்டாப் 169.254. பூலை 20–250 ஆக மாற்றிச் சேமித்து, 13-ஆம் தேதி பெட்டியை அணைத்தும் போட்டேன். லீஸ் பெட்டியில் 14400 போட்டேன், 4 மணி நேரத்துக்கு அத்தனை வினாடிதானே.

ஐந்து ரோடு | 18-05-2024, இரவு 9.35

அந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில் வினாடி என்று இருக்கிறதா, நிமிஷம் என்று இருக்கிறதா? பெட்டிக்குப் பெட்டி மாறும். நிமிஷம் என்றால் 14400 பத்து நாள். அதற்கு 240 போட வேண்டும். அலகைச் சொல்லாமல் விட்டது என் தவறு.

முடிவு முகவரியையும் இன்னொரு தடவை திறந்து பாருங்க. 231 முகவரி ஐந்து நாளில் நிரம்பாது. பூல் மாறவே இல்லையோ என்று தோன்றுகிறது.

மஞ்சக்குட்டை | 18-05-2024, இரவு 9.50

நிமிஷம்தான். முடிவு 149 என்றே நிற்கிறது. தொடக்கம் மட்டும் 20 ஆகியிருக்கிறது. லீஸ் பட்டியலில் 130 வரி, எல்லாம் நிரம்பிவிட்டது. இவ்வளவு கருவி வரவே இல்லையே?

ஐந்து ரோடு | 18-05-2024, இரவு 10.30

அந்தக் கேள்விதான் முக்கியம். என்னையும் முதலிலிருந்து ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது: உங்கள் லேப்டாப் தினமும் அங்கேயே இருக்கிறது. வாடகைதாரர் ஒருவர் வீட்டிலேயே இருக்கும்போது வீடு ஏன் கைமாற வேண்டும்? போன் மாதிரி அதுவும் பழைய முகவரியைப் புதுப்பித்துக்கொண்டிருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை என்றால் ரவுட்டர் கண்ணுக்கு அது தினமும் வேறு ஆள்.

ஐபிகான்ஃபிக், சாய்கோடு, ஆல் கொடுத்து வைஃபை பகுதியில் பிசிக்கல் அட்ரஸ் என்ற பன்னிரண்டு எழுத்தைப் பாருங்க. ரவுட்டர் கருவியை அடையாளம் காண்பது இதை வைத்துத்தான், மேக் முகவரி என்பதும் இதுவே. இரண்டாவது எழுத்து 2, 6, ஏ, இ நான்கில் ஒன்றாக இருந்தால் அது கம்பெனி பதித்த முகவரி இல்லை, விண்டோஸ் தானாக உருவாக்கியது. செட்டிங்ஸில் இந்த வைஃபையின் ப்ராப்பர்ட்டீஸில் 'ரேண்டம் ஹார்ட்வேர் அட்ரஸ்' என்ன நிலையில் இருக்கிறது?

மஞ்சக்குட்டை | 18-05-2024, இரவு 10.45

இரண்டாவது எழுத்து 6. ரேண்டம், 'தினமும் மாற்று' என்று இருக்கிறது.

ஐந்து ரோடு | 18-05-2024, இரவு 11.00

உங்கள் வீட்டு வைஃபைக்கு அதை ஆஃப் செய்யுங்க. ரயில் நிலையம், காபிக் கடை மாதிரிப் பொது இடத்துக்கு அது நல்ல பாதுகாப்பு. அங்கே அப்படியே இருக்கட்டும். ஆஃப் ஆனதும் லேப்டாப்பின் நிஜ மேக் முகவரியை ரவுட்டரின் ரிசர்வேஷன் பகுதியில் எழுதி 192.168.1.10-ஐ நிரந்தரமாகக் கட்டிவிடுங்க.

விருந்தாளி போன்களும் இதே வேலை செய்யும். ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14-லிருந்து ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு கற்பனை மேக்தான். பொதுவாக ஒரு வைஃபைக்கு ஒன்றையே வைத்துக்கொள்ளும் என்பதால் தினமும் மாறாது. ஆனால் 'மேல் வீடு', 'கீழ் வீடு', 'கெஸ்ட்' என்று மூன்று பெயரில் வைஃபை விட்டிருந்தால் ஒரே போன் மூன்று வரி எழுதிவிடும். உங்களிடம் எத்தனை பெயர்?

இன்னொன்று. போனில் வைஃபையை 'மறந்துவிடு' கொடுத்துத் திரும்பச் சேர்த்து ரவுட்டரைச் சோதிப்பவர்கள் உண்டு. பெரும்பாலான ஆண்ட்ராய்டில் அதே கற்பனை மேக் திரும்ப வரும், ரவுட்டர் பழைய முகவரியையே தரும், எல்லாம் சரி என்று ஏமாந்துவிடுவோம். அந்த வைஃபைக்கு மட்டும் 'போனின் மேக்' என்று மாற்றிச் சேர்த்தால்தான் ரவுட்டர் புது ஆளாகப் பார்க்கும்.

மஞ்சக்குட்டை | 19-05-2024, காலை 6.50

மூன்று பெயர். இரண்டை எடுத்துவிட்டேன். முடிவு 250, லீஸ் 240 நிமிஷம், லேப்டாப்புக்கு 10. சேமித்தபின் பக்கத்தை மூடித் திறந்து எண் நின்றதா என்று பார்த்துவிட்டுத்தான் பெட்டியை அணைத்துப் போட்டேன்.

நாகலூர் | 19-05-2024, காலை 8.30

மின்வெட்டு பற்றியும் சொல்லுங்க. கரண்ட் வந்துபோன பிறகு இரண்டு கருவிக்கு ஒரே ஐபி, முட்டிக்கொள்கிறது என்று செய்தி வருகிறது.

ஐந்து ரோடு | 19-05-2024, காலை 9.15

பெட்டி கணக்கை மறந்து எழும். பேட்டரியில் ஓடிய லேப்டாப் பழைய முகவரியை விடாமல் பிடித்திருக்கும். ரவுட்டர் அதையே வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடும். கொடுக்கும் முன் யாராவது அங்கே இருக்கிறார்களா என்று தட்டிப் பார்க்கும் பெட்டிகள் உண்டு, பார்க்காதவையும் உண்டு. முட்டினால் லேப்டாப்பில் வைஃபையை அணைத்துப் போட்டால் போதும். ரவுட்டருக்கு 12 வோல்ட் மினி யூபிஎஸ் வைத்தால் இந்தத் தொல்லையே இல்லை. பெட்டியின் அடியில் எத்தனை ஆம்பியர் என்று பார்த்து, அதற்குக் குறையாத யூபிஎஸ் வாங்குங்க. 12 வோல்ட் 2 ஆம்பியர் கேட்கும் பெட்டிக்கு 1 ஆம்பியர் போட்டால் விளக்கு எரியும், கூட்டம் சேரும்போது பெட்டி தானே மறுதொடக்கம் ஆகும். பழைய அடாப்டரும் இதே சேட்டை செய்யும்; மல்டிமீட்டரில் பெட்டியோடு சேர்த்து அளக்க வேண்டும், தனியாக அளந்தால் 12 காட்டி ஏமாற்றும்.

மஞ்சக்குட்டை | 26-05-2024, இரவு 10.00

எட்டு நாள், ஒரு சனி, இரண்டு ஞாயிறு, ஆறு அறையும் நிறைந்த நாட்கள். லேப்டாப் 192.168.1.10-ஐ விட்டு நகரவில்லை. இன்று ராத்திரி லீஸ் பட்டியலில் 44 வரி, இணைந்திருப்பது 37.

ஐந்து ரோடு | 26-05-2024, இரவு 10.20

நல்லது. அந்த டிஎச்சிபி பக்கத்தை போனில் படம் எடுத்து, ஒரு பிரின்ட் போட்டு பெட்டிக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டி வையுங்க. லைன் பழுது பார்க்க வருபவர் பின்னால் இருக்கும் ரீசெட் துளையில் குண்டூசியை விட்டால் 100–149, 7 நாள் என்று பழையபடி ஆகிவிடும்.